லோன் சாங்ஷன் ஆயிடுச்சு, வீடு கேரளாவுல பாலக்காட்டுக் கொழிஞ்சாம்பாறைப் பக்கம். சாவி கைக்கு வர எத்தனை நாள் ஆகும்?

எருத்தேம்பதி மாப்ளே எழுதியது:

எல்லாருக்கும் வணக்கமுங்க. நான் பொள்ளாச்சிக்காரன், பொண்ணு எடுத்தது எருத்தேம்பதியில. கோயமுத்தூர்ல ஒரு பம்ப் கம்பெனியில லேத் ஓட்டறேன். இப்ப வாடகை வீடு மதுக்கரைல. மாமனார் ஊர்ப் பக்கமே இருக்கலாம்னு கொழிஞ்சாம்பாறையில இருந்து கொஞ்சம் உள்ள தள்ளி 7 சென்ட்ல ஒரு மெத்தை வீடு பார்த்து 36 லட்சத்துக்குப் பேசி முடிச்சோம். வீடு 1,150 சதுர அடி, கிணறு இருக்கு, தென்னை நாலு. 50,000 டோக்கன் குடுத்தாச்சு.

கோயமுத்தூர் பேங்க்ல 28 லட்சம் சாங்ஷன் பண்ணி லெட்டர் குடுத்துட்டாங்க. போன செவ்வாக்கிழமை நானும் வீட்டுக்காரியும் போய் சம்மதிச்சு கையெழுத்துப் போட்டோம். எனக்குத் தெரிஞ்சு அவ்வளவுதான், இனிமே பணம் வந்துரும்னு நெனச்சேன். அங்க இருந்த ஆபீசர் "ஆதாரம் எல்லாம் கொண்டு வாங்க"ன்னார். நான் ஆதார் கார்டை எடுத்து நீட்டினேன். அவரு சிரிச்சுட்டு ஒரு லிஸ்ட் எழுதிக் குடுத்தார். அதுல பாதி எனக்குப் புரியலை. முன்னாதாரம், போக்குவரவு, கைவசச் சர்ட்டிபிகேட், பி.டி.ஆர் காப்பி, இப்படி.

நம்ம சந்தேகம் இதுங்க. லெட்டர் வாங்கினதுக்கும் குடிபோறதுக்கும் நடுவுல என்னென்ன நடக்கும்? பத்திரச் செலவும் லோன்லயே சேருமா? வீடு விக்கிறவரு "சாங்ஷன் ஆயிடுச்சில்ல, இன்னும் 5 லட்சம் ரொக்கமா குடுங்க"ங்கறார், குடுக்கலாமா? சித்திரையில பால் காய்ச்ச நாள் குறிச்சாச்சு. மதுக்கரை ஓனர்கிட்ட இந்த மாசக் கடைசியில காலி பண்றேன்னும் சொல்லிட்டேன். புது வீட்டுக்கு ஃபிரிட்ஜும் வாஷிங் மிஷினும் தவணையில எடுக்கலாம்னு ஒரு எண்ணம்.

அனுபவப்பட்டவங்க சொல்லுங்க.

வாளையார் வண்டிக்காரன்:

மாப்ளே, மொத வேலையா மதுக்கரை ஓனருக்குப் போன் போட்டு "இன்னும் ரெண்டு மூணு மாசம் இருக்கேன்"னு சொல்லுங்க. அடுத்த வேலை, அந்த ஃபிரிட்ஜ் கடைப் பக்கமே போகாதீங்க. பணம் கைக்கு வர்றதுக்கு முன்னாடி பேங்க்காரன் இன்னொரு தடவை சிபில், அதாவது நம்ம கடன் வரலாறு, பார்ப்பான். புதுசா ஒரு தவணை ஏறியிருந்தா கணக்கை மறுபடியும் போடுவான். எங்க சித்தப்பா பையன் நடுவுல பைக் எடுத்து ரெண்டு லட்சம் குறைச்சுட்டாங்க. மத்த வெவரம் சரசக்கா வந்து சொல்லும், அது இதுல முங்கி எந்திரிச்ச ஆளு.

கொழிஞ்சாம்பாறை சரசு:

கூப்பிட்டாச்சா, சரி. தம்பி, நான் பொள்ளாச்சியில தனியார் ஆஸ்பத்திரியில நர்ஸ். வீட்டுக்காரரு தேங்காய் லோடு ஓட்டறாரு. 2023 டிசம்பர்ல எங்களுக்கு 22 லட்சம் சாங்ஷன் ஆச்சு. குடிபோனது 2024 ஆகஸ்ட்ல. நடுவுல எட்டு மாசம். உங்களுக்கு எட்டு மாசம் ஆகும்னு சொல்லலை. ஆனா சித்திரைங்கறது நடக்கற காரியமில்லை, தங்கச்சிகிட்ட இன்னிக்கே சொல்லிருங்க.

உங்க லெட்டரை எடுத்து கடைசிப் பக்கம் பாருங்க. பொடி எழுத்துல, சட்ட ஆலோசகர் சரின்னு சொன்னா, மதிப்பீட்டாளர் சரின்னு சொன்னாங்கற மாதிரி நிபந்தனை இருக்கும். எங்க பேங்க்ல சம்பளத்தையும் சிபிலையும் பார்த்து மொதல்ல சாங்ஷன் போட்டுட்டாங்க, வீட்டுக் காகிதத்தை அதுக்கப்புறம்தான் வக்கீலுக்கு அனுப்புனாங்க. உங்களுக்கும் அப்படித்தான் தெரியுது, இல்லாட்டி இப்ப லிஸ்ட் குடுத்திருக்க மாட்டாங்க. அந்த லெட்டருக்கு காலாவதித் தேதியும் உண்டு. எங்களுக்கு ஆறு மாசம் போட்டிருந்தாங்க.

இப்ப என் கதை. வக்கீல்கிட்ட காகிதம் போன பத்தாம் நாள் போன் வந்துது. "இது நிலம், லோன் ஆகாது"ன்னார். எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. "ஏனுங்க, நிலத்துலதான வீடு கட்டுவாங்க, காத்துலயா கட்டுவாங்க?"ன்னு கேட்டேன். அவரு பொறுமையா வெளக்கினார். நம்ம தமிழ்ல நிலம்னா எந்தப் பூமியும் நிலம். கேரள ரெவின்யூ கணக்குல நிலம்னு எழுதியிருந்தா அது நெல்வயல். வீடு கட்டற பூமிக்கு அங்க புரயிடம்னு பேரு. நாங்க வாங்கற இடத்துல வீடு 1998ல இருந்தே நிக்குது, பஞ்சாயத்து நம்பர் இருக்கு, கரண்ட் இருக்கு. ஆனா வில்லேஜ் ஆபீசு பி.டி.ஆர்ல, அதாவது அடிப்படை வரிப் பதிவேட்டுல, இன்னும் நிலம்னே கெடக்குது. 2008ல நெல்வயல் தண்ணீர்த்தடப் பாதுகாப்புச் சட்டம் வந்ததுக்கப்புறம் இந்த வார்த்தையைப் பார்த்தா பேங்க்காரங்க கையைத் தூக்கிடறாங்க.

நான் படிச்சது கொழிஞ்சாம்பாறையில தமிழ் மீடியம். மலையாளம் சரளமாப் பேசுவேன், ஆனா எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். ஆதாரத்தை, அதாவது பத்திரத்தை, வாங்கி ஒரு தரம் புரட்டிட்டு எல்லாம் சரியா இருக்குன்னு வச்சுட்டேன். நிலம்ங்கற வார்த்தையைப் பார்த்தேன்தான். பார்த்தும் உறைக்கலை. நம்ம வார்த்தையா இருந்ததால வந்த வினை அது. தெரியாத வார்த்தையா இருந்திருந்தா யாரையாவது கேட்டிருப்பேன்.

அப்புறம் தரம் மாத்தற படலம். இதுல ரெண்டு வழி இருக்கு. டேட்டா பேங்க்னு வயல்களோட பட்டியல் ஒண்ணு வச்சிருக்காங்க. அதுல அந்த சர்வே நம்பர் ஏறியிருந்தா மொதல்ல அதுல இருந்து எடுக்கணும், அதுக்கு ஃபாரம் 5. அதுல கிருஷி பவன், அதாவது விவசாய ஆபீசு, ஆபீசர் ரிப்போர்ட் முக்கியம். பட்டியல்ல இல்லாம, பி.டி.ஆர்ல மட்டும் நிலம்னு இருந்தா ஃபாரம் 6, அது 50 சென்ட் வரைக்கும். எங்களுது ரெண்டாவது. ஆன்லைன்ல போட்டு, வில்லேஜ் ஆபீசர் வந்து பார்த்து, ரிப்போர்ட் ஆர்.டி.ஓவுக்கு, அதாவது ரெவின்யூ கோட்டாட்சியருக்கு, போச்சு. சின்ன இடங்கறதால கட்டணம் வரலை, ஆனா காத்திருப்பு வந்துது. வில்லேஜ் ஆபீசர் வந்த அன்னிக்கு வீட்டைச் சுத்திப் பார்த்துட்டு, அங்க நின்ன தென்னையைத் தட்டி "இதுக்கு முப்பது வயசு இருக்கும்"ன்னார். 2008க்கு முன்னாடியே அது வயல் இல்லைன்னு அந்தத் தென்னைதான் எங்களுக்குச் சாட்சி சொல்லுச்சுன்னு இன்னிக்கும் அதுக்கு உப்பு வச்சுட்டு இருக்கேன். ஜனவரியில போட்டது ஜூலையில உத்தரவாகி வந்துது.

சாங்ஷன் அதுக்குள்ள காலாவதி. மறுபடியும் மூணு மாசச் சம்பளச் சீட்டு, மறுபடியும் சிபில், மறுபடியும் புது லெட்டர். விக்கிறவரு நல்ல மனுசன், விலையைக் கூட்டலை. ஆனா கரார் தேதியை ரெண்டு தடவை நீட்டி எழுதினோம். கரார்னா இங்க அக்ரிமென்ட்டு. டோக்கன் குடுத்ததுக்கு உங்ககிட்ட கரார் இருக்கா? லீகல் சரியில்லைன்னா டோக்கன் திருப்பித் தரணும்னு அதுல ஒரு வரி இருக்கா? இல்லைன்னா இப்பவே எழுதுங்க.

ஆக மொத வேலை, நாளைக்குக் காலைல வில்லேஜ் ஆபீசுக்குப் போய் பி.டி.ஆர்ல நிலமா புரயிடமான்னு பாருங்க. கரம், அதாவது பூமி வரி, கட்டின ரசீதை மட்டும் நம்பாதீங்க. புரயிடம்னு இருந்தா பாதிக் கெணறு தாண்டியாச்சு. மீதியை நைட் டூட்டி முடிச்சுட்டு எழுதறேன்.

கோபாலபுரம் ராசு:

இத்தனை அவஸ்தைக்கு ஸ்டேட் எல்லைக் கோட்டுக்கு இந்தப் பக்கமே வாங்கிருக்கலாம்ல? தமிழ்நாட்டுல முத்திரையும் பதிவும் சேர்த்து 9 சதவீதம். அங்க 8ம் 2ம் சேர்த்து 10. பூமி விலையும் அங்கதான் ஜாஸ்தி. மாமனார் வூட்டுப் பாசம் வேற ஒண்ணுமில்லை.

கொழிஞ்சாம்பாறை சரசு:

ராசண்ணா, இந்தப் பக்கத்துல கிணத்துல தண்ணி இருக்கு. உங்க தெருவுல லாரித் தண்ணி வாங்கறீங்கன்னு எனக்குத் தெரியும். சும்மா இருங்க.

தம்பி, விட்ட எடத்துல இருந்து.

லிஸ்ட்ல உள்ள வார்த்தைகள் எதுவும் பெரிய வித்தை இல்லை. ஆதாரம்னா பத்திரம். கிரயப் பத்திரம் தீறாதாரம். அதுக்கு முந்தின பத்திரம் முன்னாதாரம். கூடப்பொறந்தவங்க பாத்தியதையை விட்டுக் குடுத்து எழுதறது ஒழிமுறி. போக்குவரவு பஸ் சமாச்சாரம் இல்லை, அது நம்ம பட்டா மாறுதல் மாதிரி. அது முடிஞ்சா தண்டப்பேர்னு ஒரு நம்பர் விழும், அந்த நம்பர்லதான் கரம் கட்டுவீங்க. கைவசச் சர்ட்டிபிகேட்டு வில்லேஜ் ஆபீசுல குடுப்பாங்க, நம்ம இ-சேவை மையம் மாதிரி அங்க இருக்கற அக்ஷயா சென்டர்ல போய் விண்ணப்பிச்சா போதும். உங்க வக்கீல் கேட்கற வருசத்துக்கு வில்லங்கமும் போட்டு எடுங்க, எங்க வக்கீல் 30 வருசம் கேட்டார். மலையாளம் வராதுன்னு கூச்சப்படாதீங்க. பாலக்காட்டுச் சித்தூர் தாலூக்காவுல நம்ம ஆளுக தமிழ்லயே எழுதிக் குடுக்கறாங்க, மொழிச் சிறுபான்மைன்னு 1969 ஆட்சிமொழிச் சட்டத்துலயே அதுக்கு எடம் இருக்கு. ஆனா ஆதாரம் மலையாளத்துலதான் வரும். ஆதாரமெழுத்துக்காரரை உக்கார வச்சு ஒரு வரி விடாம சத்தமா வாசிக்கச் சொல்லுங்க. நூறு எரநூறு கேட்டாலும் குடுங்க.

பத்திரச் செலவு லோன்ல சேராது. வீட்டு விலை 10 லட்சத்துக்குள்ள இருந்தாதான் அதைச் சேர்த்துக் கணக்குப் பண்ணலாம்னு ரிசர்வ் வங்கி வச்சிருக்கு. உங்களுக்கு 36 லட்சத்துக்கு 10 சதவீதம், 3,60,000. ஃபேர் வேல்யூ, அதாவது நம்ம கைடுலைன் வேல்யூ மாதிரி அரசாங்கம் வச்ச மதிப்பு, அதை விடக் கூடுதலா இருந்தா அதுக்குத்தான் கட்டணும், பார்த்துக்கங்க. வீட்டு விலையில உங்க பங்கு 8 லட்சம். ரெண்டும் சேர்ந்து 11,60,000. எழுத்துக்கூலி, வக்கீல் ஃபீஸ், பேங்க் ஃபீஸ்னு அது மேல. இது கையில இருக்கா? இல்லைன்னா ஃபிரிட்ஜைப் பத்திப் பேசவே வேண்டாம்.

அஞ்சு லட்சம் ரொக்கம் வேண்டவே வேண்டாம். வீடு, பூமி விக்கறதுல 20,000மோ அதுக்கு மேலயோ ரொக்கமா வாங்கக் கூடாதுன்னு வருமான வரிச் சட்டத்துலயே இருக்கு, வாங்கினவருக்கு அதே தொகை அபராதம். அதை விட முக்கியம், உங்க பங்கு விக்கிறவர் அக்கவுண்டுக்குப் போனதுக்கு அத்தாட்சி காட்டினாத்தான் பேங்க்காரன் அவன் பங்கை அவுத்து விடுவான். ரொக்கத்துக்கு அத்தாட்சி ஏது?

இனி பதிவு அன்னிக்கு என்ன நடக்கும்னு சொல்றேன். எல்லாரும் தடுமாறற எடம் இதுதான். விக்கிறவரு பணம் வந்தாத்தான் கையெழுத்துங்கறாரு. பேங்க்காரன் கையெழுத்து விழுந்தாத்தான் பணம்ங்கறான். ரெண்டு பேரும் நியாயம்தான். இதுக்கு வழி டி.டி. பேங்க்ல விக்கிறவர் பேருக்கு டி.டி எடுத்து அவங்க ஆளு கையிலயே வச்சுட்டு பதிவு ஆபீசுக்கு வருவாங்க. டி.டி நம்பர் ஆதாரத்துல எழுதியிருக்கும். விக்கிறவரு ரேகை வச்சு, போட்டோ எடுத்து, ரெஜிஸ்ட்ரார் பதிஞ்சதுக்கப்புறம் டி.டி கை மாறும். பதிவு ரசீதை பேங்க் ஆளு வாங்கிக்குவாரு. உங்க ஒரிஜினல் ஆதாரத்தை நீங்க கண்ணுல பார்க்கறதே கொஞ்ச நேரம்தான், நேரா பேங்க்குக்குப் போயிரும். ஒரு முழு ஜெராக்ஸ் மறக்காம எடுத்து வையுங்க.

எங்களுக்கு டி.டி 2024 ஆகஸ்ட் 5, திங்கக்கிழமை தேதியில எடுத்தாங்க. பதிவு ஆபீசு வரிசை டோக்கன் செவ்வாக்கிழமைக்கு. ஆடி மாசம், இங்க கர்க்கடகம், ரெண்டு பக்கத்துக்காரங்களும் நல்ல காரியம் பண்ண மாட்டாங்க, அதனால ஆபீசு காலியா இருக்கும்னு நான்தான் அந்த மாசம் பிடிச்சேன். மாமியார் மூஞ்சியைத் தூக்கி வச்சுட்டாங்க. போனா ஆபீசுல நெட் போயிருச்சு. செவ்வாயும் புதனும் பெஞ்சுல உக்காந்து மழையை வேடிக்கை பார்த்துட்டுத் திரும்பி வந்தோம். மாமியார் ஒரு வார்த்தை பேசலை, அந்தப் பார்வை போதும். வியாழக்கிழமை 11 மணிக்குப் பதிவாச்சு.

மாசக் கடைசியில ஸ்டேட்மென்ட் பார்த்தா திங்கக்கிழமையில இருந்தே வட்டி. 22 லட்சத்துக்கு எட்டரை வட்டி, ஒரு நாளைக்கு 512 ரூபா. மூணு நாளைக்கு 1,537. ஆஸ்பத்திரியில எங்கூட வேலை செய்யற பொண்ணு ஒருத்தி அவ வீட்டுக்காரர் பேங்க்ல இருக்காருன்னு கேட்டுச் சொன்னா. 2024 ஏப்ரல் 29ந் தேதி ரிசர்வ் வங்கி ஒரு சுற்றறிக்கை விட்டிருக்கு. சாங்ஷன் தேதியில இருந்தோ, அக்ரிமென்ட் தேதியில இருந்தோ, செக் எழுதின தேதியில இருந்தோ வட்டி போடாதீங்க, பணம் உண்மையா கைக்குப் போன தேதியில இருந்துதான் போடணும், கூட வாங்கியிருந்தா திருப்பிக் குடுங்கன்னு. அந்தத் தேதியை எழுதி ஒரு லெட்டர் குடுத்தேன். மேனேஜர் படிச்சுட்டு ஒண்ணுமே பேசலை. ரெண்டு வாரத்துல 1,537 வரவு வந்துது. தொகை பெருசில்லை. ஆனா கேக்காம விட்டிருந்தா என் வயிறு எரிஞ்சிருக்கும்.

இன்னொண்ணு, கையெழுத்துப் போடற அன்னிக்கு ஒரு இன்சூரன்ஸ் ஃபாரத்தை நடுவுல சொருகுவாங்க. லோன் காப்பீடுன்னு மொத்தப் பிரீமியத்தையும் கடன்லயே ஏத்திருவாங்க, அதுக்கும் இருவது வருசம் வட்டி கட்டுவீங்க. அதை எடுத்தாத்தான் லோன்னு கட்டாயப்படுத்த முடியாது. வேணும்னா வெளியில சாதாரண டேர்ம் பாலிசி விலை கேட்டுட்டு அப்புறம் முடிவு பண்ணுங்க. நான் வேண்டாம்னேன், கடனும் வந்துது.

சித்தூர் பழைய கணக்கு:

நான் சஹகரண (கூட்டுறவு) சங்கத்தில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன். அந்த அம்மா எழுதியது எல்லாம் சரி. ஒன்றை மட்டும் சேர்க்கிறேன்.

விற்கிறவருக்கு அந்தச் சொத்தின் மேல் கடன் இருக்கிறதா என்று யாரும் இன்னும் கேட்கவில்லை. இந்தப் பக்கத்தில் பாதிப்பேர் ஆழ்குழாய்க் கிணற்றுக்கோ கல்யாணத்துக்கோ கூட்டுறவு சங்கத்தில் சொத்தை வைத்துக் கடன் எடுத்திருப்பார்கள். கூட்டுறவுக் கடனுக்குக் கேரளத்தில் கஹான் என்று ஒரு அடமான முறை. சங்கம் கொடுக்கும் கஹான் பத்திரம் பதிவு ஆபீசில் ஏறி, வில்லங்கத்தில் தெரியும். பணம் கட்டி முடித்த பிறகும் கஹான் ஒழிப்பு தனியாக அனுப்பப்பட வேண்டும். கடன்காரர் கடனைக் கட்டிவிட்டு சந்தோஷமாக வீட்டுக்குப் போய்விடுவார். ஒழிப்பு எழுதாமல் கணக்கில் கிடக்கும். நான் வேலையில் இருந்தபோது பத்து வருஷத்துக்குப் பிறகு அதைத் தேடி வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

கடன் இன்னும் பாக்கி இருந்தால் பயப்படவும் வேண்டாம். சங்கத்திலிருந்து பாக்கித் தொகைக்கு ஒரு கடிதம் வாங்கி உங்கள் பேங்கில் கொடுங்கள். அந்தத் தொகைக்கு சங்கத்தின் பேரில் ஒரு டி.டி, மீதிக்கு விற்கிறவர் பேரில் ஒரு டி.டி. அவருடைய கடன் வணிக வங்கியில் என்றால், முழுத் தொகையும் கட்டி முடிந்து 30 நாளுக்குள் பத்திரத்தைத் திருப்பித் தர வேண்டும், வங்கியின் தாமதத்துக்கு நாளொன்றுக்கு 5,000 ரூபாய் என்று 2023 டிசம்பர் 1 முதல் விதி. அந்த 30 நாளையும் உங்கள் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வில்லங்கத்தைப் பதிவுக்கு முந்தின நாள் இன்னொரு தடவை எடுங்கள். வக்கீல் பார்த்த தேதிக்கும் பதிவுத் தேதிக்கும் நடுவில் எதுவும் ஏறலாம்.

கேரளத்துச் சொத்துக்கு கோயமுத்தூரில் எப்படி அடமானம் என்று சிலர் குழம்புவார்கள். பத்திரத்தை ஒப்படைத்து வைக்கிற அடமானத்துக்கு, ஒப்படைக்கிற ஊர் அரசு அறிவித்த ஊராக இருக்க வேண்டும் என்பதே சட்டம். சொத்து அங்கே இருக்க வேண்டும் என்றில்லை. பிறகு பேங்க் அதை மத்தியப் பதிவேட்டில் ஏற்றும். 5 லட்சத்துக்கு மேற்பட்ட கடனுக்கு அதற்குக் கட்டணம் 100 ரூபாயும் வரியும்தான். ஆயிரக்கணக்கில் கேட்டால் எதற்கு என்று கேளுங்கள்.

எருத்தேம்பதி மாப்ளே:

ஐயா, அக்கா, ரொம்ப நன்றிங்க. இன்னிக்கு லீவு போட்டு வில்லேஜ் ஆபீசு போனேன். புரயிடம்! ரெண்டு தடவை கேட்டு உறுதி பண்ணிட்டேன். டேட்டா பேங்க்லயும் இல்லை. அந்த சந்தோசத்துல வெளிய வந்து ஒரு எளநி குடிச்சேன்.

சாயங்காலம் வில்லங்கம் கைக்கு வந்துது. ஐயா சொன்ன மாதிரியே 2014ல ஒரு கஹான். விக்கிறவரைக் கேட்டா "அதெல்லாம் எப்பவோ கட்டியாச்சு"ன்னு சத்தம் போடறார். கட்டின ரசீது எங்கேன்னா வீட்டம்மாளைக் கூப்பிடறார், அந்தம்மா டிரங்குப் பெட்டியைத் தொறந்து மகனோட பத்தாங்கிளாஸ் மார்க் சீட்டு வரைக்கும் எடுத்துக் காட்டறாங்க, ரசீது மட்டும் இல்லை. திங்கக்கிழமை ரெண்டு பேரும் சேர்ந்தே சங்கத்துக்குப் போறதா இருக்கோம்.

ரொக்கம் முடியாதுன்னு சொல்லிட்டேன். கொஞ்சம் மொகம் சுருங்குச்சு, அப்புறம் அக்கவுண்ட் நம்பர் எழுதிக் குடுத்தார். ஓனர்கிட்டயும் பேசியாச்சு, ஆவணி வரைக்கும் இருந்துக்கச் சொல்லிட்டார், வாடகை மட்டும் 500 ஏத்திட்டார். சித்திரை இல்லைன்னதும் வீட்டுல ரெண்டு நாள் சாம்பார்ல உப்பே இல்லை.

சித்தூர் பழைய கணக்கு:

ரசீது இல்லாவிட்டாலும் சங்கத்துக் கடன் லெட்ஜரில் இருக்கும். 2014 கடன் நம்பரை வில்லங்கத்திலிருந்து குறித்துக்கொண்டு போங்கள். சொத்துக்காரர் தானே விண்ணப்பம் எழுதிக் கையெழுத்திட வேண்டும், நீங்கள் எழுதினால் வாங்க மாட்டார்கள். ஒழிப்பு பதிவு ஆபீசுக்குப் போய் ஏறிய பிறகு மறுபடி வில்லங்கம் எடுத்து, அதைத்தான் உங்கள் வக்கீலுக்குக் கொடுக்க வேண்டும்.

கொழிஞ்சாம்பாறை சரசு:

பார்த்தீங்களா, எனக்கு நிலம், உங்களுக்கு கஹான். எல்லாருக்கும் ஒண்ணு வச்சிருக்கும்.

சாவி சமாச்சாரம் விட்டுட்டேன். விக்கிறவரு இன்னும் அந்த வீட்டுலதான குடியிருக்காரு? பதிவு அன்னிக்கே சாவியா, அதுக்கப்புறம் எத்தனை நாள்னு கரார்ல எழுதுங்க. எங்களுக்கு "ரெண்டு நாள்ல ஒழிச்சுக் குடுத்தர்றேன்"ன்னவரு பன்னெண்டு நாள் எடுத்தாரு, அவங்க ஆடு குட்டி போட்டிருந்துதாம். ஆட்டைக் கெளப்ப முடியலைன்னா நான் என்ன சொல்ல? சிங்க மாசம் (நம்ம ஆவணி) ஒண்ணு, மலையாள வருசம் கொல்லம் 1200 பொறக்கற அன்னிக்குப் பால் காய்ச்சலாம்னு நெனச்சது, அது சனிக்கிழமைங்கறதால மாமியார் ஒத்துக்கலை. கடைசியில 22ந் தேதி வியாழக்கிழமை காய்ச்சினோம். ஆடு அதுக்கு முந்தா நேத்துதான் போச்சு. திண்ணையில வாசம் ஒரு மாசம் இருந்துது.

வீட்டுக்கு 1,150 சதுர அடின்னு போட்டிருக்கீங்க. 100 சதுர மீட்டர், அதாவது சுமார் 1,076 சதுர அடியைத் தாண்டினா ஒரு தடவை மட்டும் கட்டற கட்டிட வரி உண்டு. தாலூக்காவுல கட்டியிருக்கணும். அந்த ரசீது விக்கிறவர்கிட்ட இருக்கான்னு அதே டிரங்குப் பெட்டியில தேடச் சொல்லுங்க.

பதிவு முடிஞ்ச ஒடனே போக்குவரவு, அதை நாளைக்குப் பார்த்துக்கலாம்னு விடாதீங்க. உங்க பேர்ல கரம் கட்டின ரசீதை பேங்க்ல கேட்டுட்டே இருப்பாங்க. பஞ்சாயத்துல வீட்டு உரிமை மாத்தணும், அது மாறினா கே.எஸ்.இ.பி.யில கரண்ட் பேரை மாத்தலாம். கடைசி பில் விக்கிறவரைக் கட்டச் சொல்லி ரசீது வாங்குங்க. மீட்டர் ரீடிங்கை சாவி வாங்கற அன்னிக்கு போன்ல போட்டோ எடுங்க. இங்க ரெண்டு மாசத்துக்கு ஒரு பில் வரும், யாரு எரிச்சதுன்னு பின்னாடி சண்டை வேண்டாம்.

மாப்ளே, அந்தக் கிணத்தைக் கோடையிலயே எட்டிப் பார்த்துருங்க. மழை வந்தா எல்லாக் கிணறும் நல்ல கிணறாத்தான் தெரியும். திங்கக்கிழமை சங்கத்துல என்ன சொன்னாங்கன்னு வந்து எழுதுங்க.